நாலு கப் மோக்கா

பார்சல் வந்த அன்று நான் கம்பெனியில் இருந்தேன். கீழ்வீட்டு ஓனரம்மாதான் வாங்கி வைத்திருந்தார். சாயங்காலம் நான் கேட்டைத் திறந்ததும் அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது: இடுப்பு சிறுத்து, பட்டை பட்டையாக ஒரு அலுமினியக் கூஜா; கறுப்புக் கைப்பிடி; அடியில் வயரோடு ஒரு தட்டு.

“ஏமி சார் இது? குக்கரா?”

“காபி மெஷின்ங்க. கரண்ட்ல ஓடும்.”

“ஒத்தை ஆளுக்கு மெஷினா?” என்றவர் பெட்டியைக் கொடுக்காமல் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார். “ஊர்லருந்து உங்க வீட்டு அக்கா வர்றாங்களா?”

“வர்றாங்க. ஆயுத பூஜைக்கு.”

“இருக்கறதுக்கா, பாத்துட்டுப் போறதுக்கா?”

ஓசூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நேரடியாகக் கேட்கத் தெரியும். எனக்குத்தான் நேரடியாகப் பதில் சொல்ல வராது. “அது இந்த மெஷின் கையிலதாங்க இருக்கு” என்று பெட்டியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். அவர் சிரித்தார். நானும் சிரிப்புக்குத்தான் சொன்னேன். ஆனால் நாலு படி ஏறியதும், நான் அதைக் கொஞ்சம் நம்புகிறேன் என்பது எனக்கே தெரிந்துபோனது.

நான் திண்டுக்கல்காரன். பதினோரு வருஷத்துக்கு முன் இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில், குவாலிட்டி பிரிவில் வேலை கிடைத்து வந்தேன். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. மனைவிக்கு ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. பிள்ளை படிப்பு முடியட்டும், அப்புறம் ஒரே வீடாக இருந்துகொள்ளலாம் என்று பேசி வைத்தோம். முதலில் மாதம் ஒருமுறை ஊருக்குப் போனேன். பிறகு அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. ஞாயிறு காலையில் போய் இறங்குவேன், குளித்துவிட்டுத் தூங்குவேன், எழுந்து சாப்பிட்டுவிட்டு இருட்டும் முன் பஸ் ஏறுவேன். இந்த வருஷம் மகள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். ஆக, மூன்று பேர், மூன்று ஊர், மூன்று பூட்டு.

கம்பெனியில் எல்லோரும் என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டார்கள். “இனிமே என்னண்ணே, அண்ணியக் கூட்டிட்டு வந்துர வேண்டியதுதானே?” போனில் மனைவியிடம் கேட்டேன். “பாக்கலாங்க” என்றாள். மறுவாரமும் கேட்டேன். “பாக்கலாம்” என்றாள். ஒரே வாரத்தில் ஒரு ‘ங்க’ குறைந்திருந்தது. மூன்றாவது வாரம், ஆயுத பூஜை லீவில் நாலு நாள் வந்து இருந்து பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன் என்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் நான் அவளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட ஒரே மணி நேரத்தில் முடிவு சொல்லியிருந்தோம்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒரு பீஸ் கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க வேண்டும். வந்த பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும். இப்படி ஐந்து தடவை. நிஜமான காரணம் ஐந்தாவது ஏனுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். சொந்த விஷயத்தில் நான் ஒரே ஒரு ஏனோடு நின்றுகொண்டேன். வர ஏன் யோசிக்கிறாள்? காபி.

காரணம் இருந்தது. மகளின் ஐந்தாம் வகுப்பு லீவில் இருவரும் இங்கே வந்திருந்தார்கள். வந்த காலையில் நான் பாக்கெட் தூளை வெந்நீரில் கலக்கி, பால் ஊற்றி, பெருமையாக நீட்டினேன். மனைவி ஒரு வாய் குடித்தாள். டம்ளரைச் சன்னல் மேடையில் வைத்தாள். “இது காபி இல்லைங்க” என்றாள். “காபியப் பத்தின தகவல்.” என் ஓசூர் வாழ்க்கையின் மேல் அவள் எழுத்துப்பூர்வமாக, ஏறக்குறைய, பதிவு செய்த குறை அது ஒன்றுதான். பதிவான குறையைச் சரி செய்வதுதானே என் பிழைப்பு.

ஒரு எவர்சில்வர் ஃபில்டர் வாங்கியிருக்கலாம். ஆனால் அது அவளிடமே இருக்கிறது. அவளிடம் இருப்பதையே காட்டி அவளை இவ்வளவு தூரம் வரவழைக்க முடியாது என்று தோன்றியது. எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் பூட்டித் தர வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் மேஜை மேல் இந்த மோக்கா மெஷினை வைத்திருந்தார். நம்ம ஃபில்டரைத் தலைகீழாக நிறுத்தின மாதிரி சாதனம். அடியில் தண்ணீர், நடுவில் பொடி, மேலே காலி. சுவிட்சைப் போட்டால் தண்ணீர் கொதித்து, ஆவியின் அழுத்தத்தில் பொடியைத் துளைத்துக்கொண்டு டிகாஷனாக மேலே வந்து விழும். நம்மூர்ச் சாமானில் டிகாஷன் கீழே இறங்கும். இதில் மேலே ஏறும். அப்படி ஏறுவதைப் பார்த்தபோது, இதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த ஆராய்ச்சி.

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டிக்குள் குறிப்புப் புத்தகம் இருந்தது. அதை எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தேன். “படிக்காமல் மெஷினைத் தொடாதே” என்று கம்பெனியில் ஒவ்வொரு மெஷின் தலையிலும் தாள் ஒட்டுகிறவன் நான். ஆனால் இது காபி. காபிக்கு எங்கள் வீட்டு ஆட்களுக்கு யார் பாடம் எடுப்பது?

ஊரிலிருந்து கொண்டுவந்த சிக்கரி கலந்த பொடி இருந்தது. மாவு மாதிரி நைசான பொடி. ஃபில்டரில் எப்படிப் போடுவோம்? நிரப்பி, குடை மாதிரி இருக்கிற அந்த அழுத்துத் தட்டை வைத்து அமுக்குவோம். இதில் குடையைக் காணோம். கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்து டம்ளரின் அடிப்பக்கத்தால் அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் பொடி போட்டு இன்னும் அமுக்கினேன். கெட்டியாக இறங்கட்டுமே என்று, இது இறங்குகிற சாமான் இல்லை என்பதையும் மறந்து, கட்டை விரலாலும் ஒரு அமுக்கு.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கூஜா லேசாக நடுங்கியது. சிக்கரி நனைந்து ஊதி, தண்ணீர் ஏறுகிற வழியை சிமென்ட் போட்ட மாதிரி அடைத்திருக்கிறது. கீழ்ப்பாதியில் பித்தளையில் ஒரு சின்னக் குமிழ் இருந்ததை நான் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடுகிற பாதுகாப்பு வால்வு அது. அது திறந்தது. பஸ்ஸுக்கு ஏர் பிரேக் விட்ட மாதிரி ஒரு சத்தம். ஆவி நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் தாக்கியது. கூஜாவின் இடுப்பிலிருந்து பழுப்பாகக் கசிந்து மேடை முழுக்க ஓடியது. நான் அறைக்கு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

ஓனரம்மா மூச்சிரைக்க மேலே வந்து கதவைத் தட்டினார். “குக்கர் வெடிச்சுதா சார்?”

“இல்லைங்க. காபி.”

அவர் எட்டிப் பார்த்தார். சுவர், மேடை, காலண்டர், என் பனியன் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, “குடிக்கறதுக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?” என்றார்.

அன்று மத்தியானம் குறிப்புப் புத்தகத்தைப் படித்தேன். பத்துப் பன்னிரண்டு மொழியில் இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் மூன்றாவது வரியிலேயே, பொடியை அமுக்கக் கூடாது என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தான். உலகத்தில் வேறு யாருக்கும் அமுக்கத் தோன்றியிருக்காது என்று நினைத்திருந்தேன். நமக்காகவே எழுதின மாதிரி இருந்தது.

மார்க்கெட் பக்கம் பொடி அரைத்துக் கொடுக்கிற கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவரிடம் கன்னடத்திலும் அவர் மனைவியிடம் தெலுங்கிலும் பேசி முடித்துவிட்டுக் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“சிக்கரி வேண்டாம். கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சுக் குடுங்க.”

“சிக்கரி இல்லாமயா? உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா சார்?”

“மெஷினுக்குப் பண்ணுது.”

அவர் கையை நிறுத்தினார். “ரவையாட்டம் வேணுமா? உப்புமா கிண்டப் போறீங்களா?”

ரவையை விட நைஸாக, பவுடரை விடக் கொரகொரப்பாக, என்று நான் விளக்கினேன். மைக்ரோமீட்டர் கையில் இருந்திருந்தால் அளவே சொல்லியிருப்பேன்.

பயிற்சி ஆரம்பித்தது. தண்ணீரை வால்வுக்குக் கீழே நிறுத்தினேன். பொடியை நிரப்பி விரலால் வழித்து, தொடாமல் விட்டேன். மூன்றாவது நாள், கூஜாவின் நடுக்குழாயில் பழுப்பு நிறத்தில் தேன் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்து, வழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேல்பாதியை நிறைத்தது. கடைசியில் தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு கரகரப்பு. விளக்கு அணைந்தது. நான் கை தட்டினேன். தனியாக இருக்கிறவன் கை தட்டினால் அந்தச் சத்தம் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த மெஷின் நாலு கப்புக்குச் செய்தது. பாதித் தண்ணீர், பாதிப் பொடி வைத்தால் ஒப்புக்கொள்ளாது. வெறும் கலங்கல் தண்ணீரைத் துப்பும். போட்டால் நாலு, இல்லாவிட்டால் இல்லை. தினமும் காலையில் ஒன்று நான் குடிப்பேன். மீதி மூன்றும் என்னைப் பார்த்துக்கொண்டு ஆறும். ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் எங்கள் பிரிவில் பாராட்டிக் குடித்தார்கள். இரண்டாம் நாள் குடித்தார்கள். நாலாம் நாள் என் ஃபிளாஸ்க்கைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஏதோ ஒரு மெஷினை அவசரமாகச் சோதிக்கக் கிளம்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று கப்பை மாடியிலிருந்த ஓனரம்மாவின் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றினேன். பால் கலக்காமல்தான். ஆயுத பூஜைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று அந்தத் தொட்டிகளிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

பூஜைக்கு முந்தின சாயங்காலம் ஓனரம்மா படியேறி வந்தார். கீழே சாமி அறையில் வண்டிச் சாவி, அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாம் வைக்கப்போகிறோம், உங்கள் சாமான் ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார். கம்பெனியில் அளவு பார்க்கிற என் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாளைக்கு இவ்வளவு பெரிய காரியம் செய்யப்போகிற சாமான் இது, ஒரு பொட்டு வைத்து வாங்கிக்கொள்வோம் என்று கூஜாவையும் கொடுத்தேன். விடிகிறதுக்குள் பூஜை முடிந்துவிடும் என்று வேறு சொன்னார். என் மனைவி பஸ் இறங்குவது ஆறரைக்கு. எல்லாம் சரியாக வந்தது.

பனி மூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வந்தேன். அவள் சால்வையைப் போர்த்தியபடி என் அறையைச் சுற்றிப் பார்த்தாள். டப்பாக்கள் எல்லாவற்றிலும் தாள் ஒட்டியிருக்கும்: துவரம்பருப்பு, திறந்த தேதி, முடிக்க வேண்டிய தேதி. நாற்காலி ஒன்று. தட்டு இரண்டு, அதில் ஒன்று மூடி.

“முகம் கழுவிக்க. ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். சாமி அறையில் வாழைப்பழம், பொரிகடலைக்கு நடுவே என் கூஜா சந்தனம் குங்குமத்தோடு சாமந்திப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“எடுத்துக்கட்டுங்களா?”

“அய்யய்யோ, பூஜைல வச்சதை எப்படி சார் எடுப்பீங்க? நாளைக்கு விஜயதசமி. காலைல பூஜை பண்ணிட்டுத்தான்.”

“வண்டி சாவிய எடுத்துட்டீங்களே?”

“வண்டி வேற, இது வேற.”

என்ன வேற என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். பதினோரு வருஷம் தனியாக இருந்ததில் பூஜை என்றால் கம்பெனியில் கொடுக்கிற பொரிப் பொட்டலம் என்றே ஆகிப்போயிருந்தது. மேலே போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பாதி துடைத்த முகத்தோடு கேட்டாள்.

“ஆக, எனக்குக் காபி போடுறதுக்கு ஒரு மெஷின் வாங்கி, அத சாமிக்குக் குடுத்துட்டீங்க.”

“நாளைக்குத் திருப்பித் தந்துருவாரு.”

அவள் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். தெருமுனைக் கடையில் பார்சல் காபி வாங்கி வந்தேன். அது நன்றாகவே இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலையில் கூஜா திரும்பி வந்தது. ஓனரம்மா வால்வுக் குமிழுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். நெற்றி மாதிரி இருந்ததாம். காய்ந்த சந்தனத்தை ஊக்கால் சுரண்டி எடுத்தேன்.

“என்ன, அதுக்குப் பல்லுக் குடையிறீங்க?” என்றாள் மனைவி.

“சேஃப்டி வால்வு. இது அடைச்சுக்கிட்டா வெடிச்சிரும்.”

“ஒரு வாய்க் காபிக்கு இவ்வளவு பயமா?”

பயம்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு இருவரும் மேடை அருகே நின்றோம். டிகாஷன் எட்டிப் பார்த்ததும் அவள் “அட” என்று குனிந்தாள். பாலைக் காய்ச்சிக் கலந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். நான் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் எதிரில் நிற்கிற மாதிரி நின்றேன்.

“நல்லாருக்கு” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நிஜமாவே நல்லாருக்குங்க” என்றாள். அப்புறம் கூஜாவைத் திறந்து பார்த்தாள். “இன்னும் இவ்வளவு இருக்கே? இத என்ன பண்ணுவீங்க?”

“ரோஜாவுக்கு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருந்த டம்ளர்களில் காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அரை மணி நேரம் வரவில்லை. வந்தபோது அவளுக்குப் பல சங்கதிகள் தெரிந்திருந்தன. ஓனரம்மாவுக்கு முட்டி வலி. பக்கத்துப் போர்ஷனில் இருப்பது நர்ஸ். பிறந்த ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். நைட் ட்யூட்டி முடித்து வந்து வெறும் வயிற்றில் படுத்துவிடுகிற பெண். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணின் செருப்பை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம், டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அக்கம்பக்கம்.

மூன்றாம் நாள் காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது வெளியே மாடிப்படியில் மூன்று பெண்களின் சிரிப்புச் சத்தம். என் மனைவி நடுப்படியில், ஓனரம்மா கீழ்ப்படியில், நர்ஸ் மேல்படியில். நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது. என் மனைவியே மெஷினைப் போட்டிருந்தாள். எனக்குரிய டம்ளர் மேடை மேல் மூடி வைத்திருந்தது. அதைக் குடித்துக்கொண்டே நான் சன்னல் வழியாகக் கேட்டேன்.

“அவர் ஒரு வார்த்த பேச மாட்டாருக்கா” என்றாள் நர்ஸ். “குட்மார்னிங்னு சொன்னா தலைய மட்டும் ஆட்டுவாரு.”

“எங்கிட்ட நல்லா ஜோக் அடிப்பாரு” என்றார் ஓனரம்மா. “அடிச்சிட்டு மேல ஓடிருவாரு.”

“அது ஓடுறதுக்குத்தாங்க அடிக்கிறது” என்றாள் என் மனைவி.

மெஷினின் நாலு கப்பும் நாலு பேருக்குப் போயிருந்தது. பதினோரு வருஷத்தில் அந்த வீட்டுப் படியில் ஆள் உட்கார்ந்து பேசியதும் அதுதான் முதல் தடவை. இவள் இங்கே இருக்கப்போகிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பேரைப் பிடித்தவள் எப்படித் திரும்பிப் போவாள்? சாயங்காலம் கீழே போய், பின்பக்கம் காலியாக இருக்கிற இரண்டு அறைப் போர்ஷனைப் பற்றி ஓனரம்மாவிடம் விசாரித்தேன்.

“அக்கா இருக்கறேன்னு சொன்னாங்களா?” என்றார் அவர்.

“சொல்லுவாங்க.”

அவர் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. “சொன்னப்புறம் பேசலாம் சார்” என்றார்.

நாலாம் நாள் மத்தியானம் அவள் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல், பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைப் பற்றி மூன்று தடவை பேசியிருந்தேன்.

“ஏங்க” என்றாள். “அந்த மெஷின நான் எடுத்துட்டுப் போகட்டா?”

எனக்கு முதலில் புரியவில்லை. “எங்க?”

“வீட்டுக்கு. காலைல நாங்க நாலு பேர் வாக்கிங் போய்ட்டு நம்ம வீட்டுலதான் காபி குடிப்போம். ஃபில்டர்ல எறங்க நேரமாகுதுன்னு தெனமும் பாட்டு. இது கரெக்டா நாலு கப் வருது. இங்க நீங்க போட்டு செடிக்குத்தான ஊத்துறீங்க?”

மற்ற மூன்று பேரைப் பற்றி அவள் போனில் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருத்தருக்கு மகன் கல்யாணம், ஒருத்தர் கண் ஆபரேஷன் செய்துகொண்டார், யாரோ எல்லோரையும் கொடைக்கானலுக்கு வேனில் அழைத்துப் போனார். அதெல்லாம் எனக்குப் பின்னால் ஓடுகிற ரேடியோ மாதிரி. ரேடியோவை நிறுத்திவிட்டு, “தனியா எப்படிச் சமாளிக்கிற?” என்று வாராவாரம் கேட்பேன்.

“நீ இங்க இருந்தா ஊத்த வேண்டியதில்லயே” என்றேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

அவள் மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க வாரா வாரம் எப்படிச் சமாளிக்கிறன்னு கேப்பீங்க. நான் சமாளிக்கலைங்க. நல்லாத்தான் இருந்தேன். சொன்னா உங்களுக்கு ஒரு மாதிரி ஆகிருமேன்னு சொல்லல.”

“எத்தன வருஷமா?”

“மொத ரெண்டு வருஷம் அழுதேன். அப்புறம் இல்ல.”

மீதி ஒன்பது. கீழே தெருவில் ஒரு கண்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஏதாவது ஜோக் சொல்ல முயன்றேன். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அவளுக்கு அது தெரிந்துவிட்டது.

“உங்களோட இருக்கப் புடிக்காம இல்ல. வேலைய விட்டுட்டு, அவங்களயெல்லாம் விட்டுட்டு இங்க வந்து, நீங்க கம்பெனிக்குப் போனதும் இந்த டப்பாவெல்லாம் படிச்சிக்கிட்டு உக்கார முடியாதுங்க. அவ்வளவுதான். நீங்க வாங்க. வந்து தூங்கிட்டுப் போறதுக்கு இல்ல. ரெண்டு நாள் இருக்கற மாதிரி வாங்க.”

“சரி” என்றேன். பதினோரு வருஷமாக இருவரும் ஒரே தனிமையை ஆளுக்குப் பாதி சுமக்கிறோம் என்று நினைத்திருந்தேன். என் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு கனம் என்று ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. குவாலிட்டிக்காரன்.

மெஷினை நானே பேக் செய்தேன். கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த குமிழிப் பிளாஸ்டிக்கைச் சுற்றி, ரப்பர் வாஷரைத் தனியே ஒரு கவரில் போட்டு, மேல்பக்கம் எது என்று அம்புக்குறி வரைந்தேன். பிறகு ஒரு தாளில் கம்பெனி பாணியிலேயே எழுதினேன். தண்ணீர் வால்வுக்குக் கீழே. சிக்கரி வேண்டாம். பொடியை அமுக்காதே. அமுக்காதே என்பதன் கீழே இரண்டு கோடு. அவள் படித்துவிட்டு, “எங்க நாலு பேர்ல ஒருத்தங்க கட்டாயம் அமுக்குவாங்க” என்றாள்.

பஸ்ஸில் அவள் மடியில் அட்டைப்பெட்டி இருந்தது. சன்னல் வழியாக என் கையைப் பிடித்து ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். கிருஷ்ணகிரி, சேலம், கரூர் என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். நர்ஸ் சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து மேடையைத் துடைத்தேன். கூஜாவின் தட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம்; அது போகவில்லை. மறுநாள் காலையில் தெருமுனைக் கடையில் நின்று குடித்தேன். ஒரு கப் கேட்டால் ஒரு கப் தந்தார்கள். அந்த வாரத்தில் ஒருநாள் படியில் நர்ஸைப் பார்த்தபோது, தலையை ஆட்டாமல், “சாப்ட்டீங்களாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் திடுக்கிட்டு, “அக்காவுக்கு ஏதாச்சும் உடம்பு சரியில்லையா அங்கிள்?” என்றாள்.

புதன்கிழமை சனிக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு மனைவிக்கு போன் செய்தேன். பின்னால் பேச்சுச் சத்தமும் டம்ளர் வைக்கிற சத்தமும் கேட்டன.

“வெள்ளிக்கெழம பஸ் ஏறுறேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இருப்பேன்.”

“வாங்க, வாங்க” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். “காலைல எத்தன மணிக்கு வருவீங்க?”

“அஞ்சரை, ஆறு ஆகும்.”

“அப்ப நாங்க வாக்கிங் கெளம்பியிருப்போம். சாவிய எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போறேன். வாங்கிக்கங்க.”

“எதிர்வீட்டுல யாரு?”

“அவங்க குடிவந்து ஆறு வருஷமாச்சுங்க.”

“என்னை அவங்களுக்குத் தெரியுமா?”

“போட்டோல பாத்திருக்காங்க. எதுக்கும் யாருன்னு சொல்லிக் கேளுங்க. பெரியவர் ஒருத்தர்தான் கதவத் தெறப்பாரு. லேசுல சாவி குடுக்க மாட்டாரு.”

போனை வைத்தபின் சுவரைப் பார்த்து ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். “எதிர்வீட்டு அம்மா இருக்காங்கள்ல, அவங்க வீட்டுக்காருங்க நான். ஓசூர்ல வேலை.” நீளமாக இருந்தது. விடியற்காலையில் யாரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இவ்வளவு கேட்க மாட்டார்கள். பஸ்ஸில் ஏழு மணி நேரம் இருக்கிறது, சுருக்கிக்கொள்ளலாம்.